கூண்டுக் கோழியும் நம் கருணையின் கணக்கும்

நாமக்கல் வட்டாரத்தில் கால்நடை மருத்துவராகப் பணியாற்றும் எனக்கு விலங்கு நேயர்களிடமிருந்து வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை நாய்களைப் பற்றியவை. முட்டைக்கோழிகளுக்காக அழைப்பவர் அநேகமாக எவருமில்லை. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் தெருநாய்கள் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி. கோழியினங்களோ 85 கோடி, அவற்றில் 12 கோடி தமிழ்நாட்டில் மட்டும். நாய்களுக்கான கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் விலங்கையும் மனிதரையும் ஒருசேரக் காக்கும் பணி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் நம்மிடம் உள்ள பணமும் நேரமும் அளவுக்குட்பட்டவை என்பதால், அவற்றை எங்கே செலவிட்டால் மிகுதியான துன்பம் குறையும் என்று கேட்பது விலங்குகளுக்காகப் பேசுவோரின் கடமை என்றே கருதுகிறேன்.

வழக்கமான கூண்டுகளில் ஒரு முட்டைக்கோழிக்குக் கிடைக்கும் இடம் சுமார் 450 சதுர சென்டிமீட்டர். ஓர் ஏ4 தாளின் பரப்பே 620 சதுர சென்டிமீட்டருக்கு மேல். அங்கே இறக்கையை விரிக்க முடியாது, மண்ணில் புரள முடியாது, முட்டையிடுமுன் மறைவிடம் தேடும் இயல்பூக்கத்துக்கும் வழியில்லை. ஒவ்வொரு முட்டையின் ஓட்டுக்கும் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் தேவைப்படுகிறது. தீவனத்தில் கிடைப்பது போதாத நேரங்களில் உடல் அதைத் தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்வதாலும், நடமாட்டம் இல்லாததாலும் எலும்புகள் பலமிழக்கின்றன. முட்டையிடும் பருவம் முடிந்து கோழிகளைக் கழிக்கும்போது, கூண்டிலிருந்து வெளியே இழுக்கையிலேயே காலோ இறக்கையோ முறிவது அரிதல்ல.

போதிய அசைவுக்கு இடமில்லாத கூண்டில் விலங்கை அடைப்பது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் இத்தகைய கூண்டுகளைத் தடைசெய்திருக்கிறது. நம் சட்ட ஆணையமும் 2017இல் தன் 269ஆம் அறிக்கையை முட்டைக்கோழிகளுக்காகவும் கறிக்கோழிகளுக்காகவுமே ஒதுக்கியது.

இந்தத் துறையில் நன்மை செய்ய நினைப்பவர் உண்மையை ஒருபோதும் கைவிடக் கூடாது. கறிக்கோழிக்கு ஹார்மோன் ஊசி போட்டு வளர்க்கிறார்கள் என்ற வதந்தியைச் சில விலங்கு நல ஆர்வலர்களும் பரப்புகிறார்கள். அது பொய். அந்த வேகமான வளர்ச்சிக்குக் காரணம் தலைமுறை தலைமுறையாகச் செய்யப்பட்ட இனத்தேர்வும் தீவனமும்தான். கோழியின் துன்பமும், தன் எடையைத் தானே தாங்க முடியாத கால்கள் உட்பட, அந்த இனத்தேர்விலிருந்தே வருகிறது. பொய்யைச் சொல்லி ஒருவரைக் கோழி உண்ணாமல் தடுத்தாலும், அது வெளிப்படும் நாளில் நாம் சொன்ன உண்மைகளையும் பண்ணையாளர் நம்பமாட்டார். அதே நேர்மையோடு இதையும் சொல்ல வேண்டும்: கூண்டில்லாப் பண்ணையைச் சரியாகப் பராமரிக்காவிட்டால் ஒன்றையொன்று கொத்துவதும் குடற்புழுத் தொற்றும் அங்கே பெருகும்.

நல்ல நோக்கத்தோடு தரும் அறிவுரையும் துன்புறும் விலங்குகளின் எண்ணிக்கையைக் கூட்டிவிடக்கூடும். ஆட்டுக்கறியைக் குறைக்கச் சொன்னால் பலர் கோழிக்கு மாறுவார்கள். ஓர் ஆட்டின் கறிக்கு ஈடுகட்ட ஏழெட்டுக் கோழிகளாவது தேவைப்படும்.

சத்துணவில் முட்டையை நிறுத்தச் சொல்லும் குரல்களை நான் ஏற்பதில்லை. ஏழைக் குழந்தையின் தட்டிலிருந்து புரதத்தை எடுத்து நம் மனச்சான்றுக்கு ஆறுதல் தேடுவது அறமாகாது. கூண்டில்லா முட்டைக்கு மாறும் செலவை முதலில் ஏற்க வேண்டியவர்கள், கூடுதல் விலை கொடுக்க இயன்ற நட்சத்திர விடுதிகள், பேக்கரி நிறுவனங்கள், பெரிய அலுவலகங்களின் உணவகங்கள். அன்றாட விலையின் ஏற்றத்தாழ்வில் சில காசு லாபத்துக்காகக் கடனோடு போராடும் பண்ணையாளரை வில்லனாக்குவதால் ஒரு கூண்டும் திறக்காது. வாங்குபவர் நீண்டகால ஒப்பந்தத்தோடு வந்தால் பண்ணையாளர் தன் கொட்டகையை மாற்றியமைக்க முன்வருவார். ஒரு பெரிய நிறுவனத்தின் கொள்முதல் முடிவு பல்லாயிரம் கோழிகளின் வாழ்வை ஒரே நேரத்தில் மாற்றும் என்பதால்தான் நிறுவனங்களை இப்படி மாறச் செய்யும் முயற்சிகளுக்கு நன்கொடையாளர்கள் முன்னுரிமை தர வேண்டும் என்கிறேன்.

கூண்டில்லா முட்டைக்கு மாறுவோம் என்று உறுதியளிக்கும் நிறுவனம் எதுவாயினும், எந்த ஆண்டுக்குள், மொத்தக் கொள்முதலில் எத்தனை விழுக்காடு, யார் சரிபார்ப்பார் என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த ஆண்டு வந்ததும் மறவாமல் மீண்டும் கேளுங்கள்.