குழந்தைக்குத் தனி ஐ.பி. நம்பர்

பிரசவ அறையில் குழந்தை பிறந்ததும் கையிலோ காலிலோ ஒரு பட்டை கட்டுவார்கள். அதில் குழந்தைக்கென்று பெயர் இருக்காது. 'பேபி ஆஃப்' என்று போட்டு அம்மாவின் பெயரை எழுதியிருப்பார்கள். குழந்தை அம்மாவின் பக்கத்திலேயே இருக்கும்வரை பெரும்பாலும் அதன் செலவும் அம்மாவின் பில்லோடு போய்விடும். மூச்சுத் திணறல், எடை குறைவு, மஞ்சள் காமாலை என்று பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவான என்.ஐ.சி.யூ.வுக்குத் தூக்கிக்கொண்டு போனால் கதை வேறு. தனி ஐ.பி. நம்பர் (உள்நோயாளி எண்), தனி ஃபைல், தனி அட்வான்ஸ். இன்ஷூரன்ஸ் கம்பெனியைப் பொறுத்தவரை அந்த நிமிடத்திலிருந்து அது இன்னொரு நோயாளி.

மருத்துவக் காப்பீட்டு ஆலோசகராக நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது: "வைஃப் பேரு பாலிசியில இருக்கு சார், அப்ப குழந்தைக்கும் இருக்கும்ல?" இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மனைவி கணவனின் பாலிசியில் டிபென்டென்ட், அதாவது அவரைச் சார்ந்திருப்பவர். குழந்தை அவரோடு ஒட்டிக்கொண்டு தானாக உள்ளே வந்துவிடாது. யாராவது சேர்க்க வேண்டும்.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் போன் செய்தார். மாப்பிள்ளை பெங்களூரில் ஐ.டி. கம்பெனியில் வேலை. வளைகாப்பு முடிந்து மகள் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். 33 வாரத்திலேயே சிசேரியன், குழந்தை 1.7 கிலோ, என்.ஐ.சி.யூ.வில். "தம்பி, மாப்ள கம்பெனி கார்டு வேலை செய்யலையாம்பா, ஆஸ்பத்திரியில பணம் கட்டுங்கங்கிறான்."

கார்டில் ஒரு கோளாறும் இல்லை. மகளின் சிசேரியனுக்குக் கேஷ்லெஸ் அனுமதி, அதாவது பில்லை இன்ஷூரன்ஸே நேராகக் கட்டும் அனுமதி, வந்துவிட்டது. குழந்தைக்கு அனுப்பிய ப்ரீ-ஆத் (முன் அனுமதிக் கோரிக்கை) மட்டும் 'உறுப்பினர் பட்டியலில் பெயர் இல்லை' என்று திரும்பியிருந்தது. குழந்தை பிறந்து அப்போது மூன்று நாள். ஏன் இன்னும் சேர்க்கவில்லை என்று மாப்பிள்ளையைக் கேட்டால், "எச்.ஆர். போர்ட்டல்ல பேரு கேக்குது சார். மாமா நட்சத்திரம் பாத்து 30-ஆம் நாள்தான் பேர் வைக்கணும்னு சொல்றாரு" என்கிறார்.

இது அவர் ஒருவரின் குழப்பம் இல்லை. நம் ஊரில் பெயர் வைப்பதை அவசரமாகச் செய்வது வழக்கமில்லை. ஆனால் பெரும்பாலான கம்பெனி பாலிசிகளில் புதுக் குழந்தையைச் சேர்க்கக் கெடு இருக்கும். 30 நாள் என்பதுதான் நான் அதிகம் பார்த்தது. பெயர் வைத்த பிறகு சேர்க்கலாம் என்று உட்கார்ந்திருந்தால் கெடு போய்விடும். அப்புறம் அடுத்த வருடம் பாலிசி புதுப்பிக்கும்போதுதான் கதவு திறக்கும்.

பெயரே தேவையில்லை. 'பேபி ஆஃப்' என்று அம்மாவின் பெயரோடு, பிறந்த தேதியும் ஆணா பெண்ணா என்பதும் போட்டுச் சேர்க்கலாம். பெயரைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். பிறப்புப் பதிவும் இப்படித்தான். 21 நாளுக்குள் பிறப்பைப் பதிந்துவிட வேண்டும். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். மாப்பிள்ளை அன்று இரவே எச்.ஆருக்கு மெயில் போட்டார். சனி, ஞாயிறு ஆளில்லை. திங்கட்கிழமை மதியம், பிறந்த தேதியிலிருந்தே செல்லும்படி குழந்தையைச் சேர்த்துப் பதில் வந்தது. அதுவரை கையிலிருந்து கட்டிய அட்வான்ஸை டிஸ்சார்ஜ் சமயத்தில் மருத்துவமனை திருப்பிக் கொடுத்தது. அந்த மூன்று நாளில் பெரியவர் நகைக் கடன் வரை போய்விட்டார் என்பது வேறு விஷயம்.

பிறந்த தேதியிலிருந்து என்ற வார்த்தையைக் கொஞ்சம் கவனியுங்கள். சேர்த்த தேதியிலிருந்துதான் செல்லும் என்று எழுதிய பாலிசிகளும் உண்டு. அப்படி என்றால் முதல் சில நாள் பில் உங்கள் தலையில்தான். என்.ஐ.சி.யூ.வில் செலவு அதிகம் ஆவதும் அந்த முதல் சில நாள்களில்தான்.

இதைவிட முக்கியமாக நான் தேடிப் பார்ப்பது வேறொரு வரி. 'முதல் நாளிலிருந்து குழந்தைக்குக் கவர்' என்று பாலிசியில் போட்டிருப்பார்கள், படித்ததும் நிம்மதியாகிவிடும். எந்தத் தொகைக்குள் என்று பாருங்கள். பிரசவத்துக்கென்று பாலிசி வைத்திருக்கும் வரம்புக்குள் என்றால், உதாரணமாக 75,000 ரூபாய் வரம்பில் சிசேரியனே 80,000 ஆகியிருந்தால் குழந்தைக்கு மிச்சம் பூஜ்யம். குடும்பத்தின் மொத்தத் தொகைக்குள் என்றால் மூன்று லட்சமோ ஐந்து லட்சமோ முழுதாகக் கிடைக்கும். இரண்டுக்கும் பாலிசியில் ஒரே ஒரு வரிதான் வித்தியாசம். பிறவிக் குறைபாடுகளையும் அப்படியே பார்க்க வேண்டும். இதயத்தில் ஓட்டை மாதிரி உள்ளே இருப்பது ஒரு கணக்கு, உதட்டுப் பிளவு மாதிரி வெளியே தெரிவது வேறு கணக்கு. இரண்டாவதைப் பல பாலிசிகள் ஒதுக்கியே வைத்திருக்கும்.

இன்னொரு வகை, அப்பாவின் பாலிசி. கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியும் ஃப்ளோட்டரில், அதாவது குடும்பம் முழுவதற்கும் சேர்த்து ஒரே தொகைக்கு எடுத்த பாலிசியில், மகள் பெயர் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். பிரீமியம் வங்கியிலிருந்து தானாகப் போகிறது, யார் கவனிக்கிறார்கள்? "பொண்ணு பேருதான் இருக்கே, நம்மகிட்டயே பாத்துக்கலாம்" என்று சம்பந்தி வீட்டாரிடம் வாக்கும் கொடுத்துவிடுவார்கள். பெரும்பாலான ஃப்ளோட்டர்களில் சார்ந்திருக்கும் பிள்ளை என்றால் கல்யாணம் ஆகாத, சொந்த வருமானம் இல்லாத, பொதுவாக 25 வயதுக்குள் இருப்பவர். மகளின் க்ளெய்மே தகராறில் நிற்கும். பேரக்குழந்தை அந்தக் குடும்ப வரையறைக்குள்ளேயே வராது. கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போதே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதி, மகளைத் தனி பாலிசிக்கு மாற்றிக் கொடுங்கள். அப்பாவின் பாலிசியில் அவள் கழித்த காத்திருப்புக் காலம், அதாவது சில சிகிச்சைகளுக்குக் கவர் தொடங்கும்வரை கழிய வேண்டிய காலம், கூடவே போகும்.

சொந்தமாக எடுத்த பாலிசி என்றால் இன்னும் கறார். பிரசவத்துக்குப் பெரும்பாலும் இரண்டு வருடம், சிலவற்றில் அதற்கும் மேல் காத்திருக்க வேண்டும். பிரசவக் கவரே இல்லாத பாலிசிகளும் நிறைய. குழந்தையை 90 நாள் முடிந்த பிறகுதான் சேர்ப்போம் என்பார்கள். காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் வரையறையில் பச்சிளங்குழந்தை என்பதே 90 நாள் வரைதான். ஆக, பிரசவக் கவர் இல்லாத பாலிசியில் அதிக ஆபத்தான அந்தக் காலம் முழுக்கக் குழந்தைக்கு எதுவும் இல்லை. கர்ப்பம் உறுதியான பிறகு பாலிசி எடுக்க என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்வது கசப்பாகத்தான் இருக்கும். அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள், அது போதாமல் போனால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகத் தயங்காதீர்கள். அங்குள்ள பச்சிளங்குழந்தைப் பிரிவில் குழந்தையைக் கதகதப்பாக வைக்கும் வார்மரும் இருக்கிறது, பழகிய நர்ஸ்களும் இருக்கிறார்கள், கட்டணம் கிடையாது. தனியாரில் ஒரு வாரம் கட்டிக் கடனாளியான பிறகு ஆம்புலன்ஸில் அங்கே போவதைவிட முதலிலேயே போவது நல்லது.

கணவனுக்கு ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தால் மனைவி, குழந்தை இருவருக்கும் சிகிச்சை உண்டு. குழந்தையைக் குடும்ப விவரத்தில் சேர்க்க மட்டும் மறக்கக் கூடாது. அமெரிக்காவில் கணவனின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் மகள்களைப் பற்றியும் கேட்கிறார்கள். அங்கேயும் இதே கதைதான். கணவனின் கம்பெனித் திட்டத்தில் குழந்தையைச் சேர்க்கக் குறைந்தது 30 நாள் கொடுப்பார்கள். அதற்குள் சேர்த்தால் பிறந்த நாளிலிருந்தே செல்லும்.

ஏழாம் மாதத்தில் கணவன் எச்.ஆருக்கு ஒரு மெயில் போட்டால் போதும். குழந்தையை எத்தனை நாளுக்குள் சேர்க்க வேண்டும், எந்தத் தேதியிலிருந்து செல்லும், பிரசவ வரம்புக்குள்ளா மொத்தத் தொகைக்குள்ளா, தாய்வீட்டு ஊரில் எந்த மருத்துவமனை நெட்வொர்க்கில், அதாவது கேஷ்லெஸ் தரும் பட்டியலில், இருக்கிறது. பதில் எழுத்தில் வரட்டும். கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பெங்களூரில் தெருவுக்கு ஒன்று இருக்கும், நம் ஊரில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒன்றே ஒன்று இருக்கும்.

அந்தப் பெரியவரின் பேத்தி இப்போது தவழ்கிறாள். 30-ஆம் நாள் ஜோராகப் பெயரும் வைத்தார்கள். ஈ-கார்டில் இன்னும் 'பேபி ஆஃப்' தான். மாற்றச் சொல்லி மூன்று முறை போன் செய்துவிட்டேன், மாப்பிள்ளைக்கு நேரமில்லையாம்.