நிலக்கடலை ஓட்டுக்குள் ஒரு குடும்பம்

நிலக்கடலையை உரித்துத் தின்னும்போது அதன் ஓட்டை யாரும் கவனிப்பதில்லை. அடுத்த முறை தூக்கி எறியும் முன் ஒருதரம் உற்றுப் பாருங்கள். அவ்வளவு மெல்லிய ஓடு, ஈர மண்ணின் அழுத்தத்தைத் தாங்கி உள்ளே பருப்பை நசுங்காமல் வைத்திருக்கிறது.

மெக்சிகோ நகரை ஒட்டிய நௌகல்பானில், கட்டடக் கலைஞர் ஹாவியேர் செனோசியாயின் 1980களின் நடுவில் தன் குடும்பத்துக்குக் கட்டிய வீட்டின் வடிவம் இதிலிருந்து பிறந்ததுதான். பெயர் காசா ஒர்கானிகா. இரட்டைப் பருப்புக் கடலை போல இரண்டு குமிழ் அறைகள்: ஒன்றில் பகல் வாழ்க்கை, சமையலும் சாப்பாடும் பேச்சும், மற்றதில் உறக்கம். நடுவே கடலையின் இடுப்பு போல ஒடுங்கிய ஒரு வழி. வீடு முழுக்க மூலை என்று சொல்ல ஒன்றுமில்லை.

இந்த வளைவு வெறும் அழகுக்காக வந்ததில்லை. தட்டையான தளத்தில் பாரம் ஏறினால் நடுவில் தொய்யப் பார்க்கும். மேற்புறம் நெருக்கப்படும், அடிப்புறம் இழுபடும். கான்கிரீட் நெருக்கத்துக்கு அஞ்சாது, இழுப்புக்கு அஞ்சும். நெருக்கத்தைத் தாங்குவதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இழுப்பைத் தாங்கும். அதனால்தான் மொட்டைமாடித் தளத்தின் அடிப்பக்கத்தில் கம்பி கட்டுகிறோம், கனமாகவும் போடுகிறோம். எல்லாத் திசையிலும் வளைந்த ஓட்டில் பாரத்தின் பெரும்பகுதி நெருக்கமாகவே மாறி, ஓட்டின் உடலோடு இறங்கித் தரைக்குப் போய்விடும். எனவே இந்த வீட்டின் ஓட்டுக்கு ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் கனமே போதுமானதாக இருந்தது.

கட்டிய முறை ஃபெரோசிமெண்ட். கம்பிகளை வளைத்துக் கூண்டு கட்டி, மேலே கம்பிவலை போர்த்தி, குழாய் வழியே சிமெண்ட் கலவையைப் பீய்ச்சி அடிப்பார்கள். வலைக் கண்கள் நெருக்கமானவை என்பதால், விரிசல் விழுந்தாலும் மயிரிழைகளாகச் சிதறிப் பரவுமே தவிர ஒரே பிளவாக வாய் பிளக்காது. கடலை ஓட்டைத் தடவினால் விரலில் தட்டுப்படும் வரிவரியான நார்ப் பின்னலை எனக்கு அந்தக் கம்பிவலையாகவே பார்க்கத் தோன்றுகிறது.

ஓட்டின் மேல் பாலியூரித்தேன் நுரைப்பூச்சு. அது ஈரத்தையும் வெப்பத்தையும் தடுக்கிறது. அதற்கும் மேலே மண், மண்ணில் புல். மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் வெயில் சுள்ளென்று அடித்தாலும் இரவில் குளிரும். மண்ணோ வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். ஓரடி ஆழத்தில், மேற்பரப்பின் பகல்-இரவு வெப்ப வேறுபாட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். நண்பகல் சூடு அங்கே இறங்குவதற்குள் இருட்டிவிடும். புல் தன் இலைகளால் நீரை ஆவியாக்கி மேற்பரப்பையும் குளிர்விக்கிறது. ஏசி தேடாத வீட்டுக்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. மண்ணுக்குள் வீடு என்றால் இருட்டாயிருக்குமே என்ற அச்சத்துக்கு, தோட்டத்தை நோக்கித் திறந்த பெரிய வளைந்த சன்னல்கள் பதில் சொல்கின்றன.

மெக்சிகோவில் கடலையை 'ககவாத்தே' என்பார்கள். அந்நாட்டுப் பழங்குடி மொழியான நவாத்லில் 'மண் கொக்கோ' என்று பொருள்படும் பழைய சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நாமும் நிலத்தைச் சேர்த்துத்தான் நிலக்கடலை என்கிறோம்.

பிற்பாடு குடும்பம் பெருகியபோது, மேலே சுறாமீன் வடிவில் ஒரு பகுதியைச் சேர்த்தார் செனோசியாயின். தோட்டத்தில் வெளியே தலைகாட்டுவது பெரும்பாலும் அதுதான். மற்றபடி எங்கும் புல்மேடு. படுக்கையறையின் கூரைமேல் நடக்கிறோம் என்பதே நடப்பவருக்குத் தெரியாது.