ஒரே தாய்ச் செல்லின் வாரிசுகளா? காசில்மேன் நோயில் மரபணு சொல்லும் சாட்சி

கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டி வாரக்கணக்கில் வற்றாமல் இருந்தால், சென்னையில் மருத்துவர்கள் முதலில் சந்தேகிப்பது காசநோயை. அடுத்தது நிணநீர்ப் புற்றுநோயை. மிக அரிதாகவே பயாப்ஸி அறிக்கையில் காசில்மேன் நோய் என்ற பெயர் வருகிறது. பாஸ்டன் நகர நோயியல் மருத்துவர் பெஞ்சமின் காசில்மேன் 1950களில் விவரித்த நோய் இது. வீங்கிய நிணநீர்க் கணுவில் மண்டிக் கிடக்கும் பி செல்கள் (எதிர்ப்பொருள் தயாரிக்கும் வெள்ளணு வகை) புற்றாக மாறியவையா, ஏதோ தூண்டுதலால் பெருகியவையா என்பது நுண்ணோக்கியால் மட்டும் எப்போதும் தீர்ந்துவிடுவதில்லை.

ஒவ்வொரு பி செல்லும் எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போதே தன் எதிர்ப்பொருள் மரபணுவை வெட்டி ஒட்டி அமைத்துக்கொள்கிறது. 14ஆம் குரோமோசோமில் பயன்படத்தக்க சுமார் 40 ‘வி’ துண்டுகள், 23 ‘டி’ துண்டுகள், 6 ‘ஜே’ துண்டுகள் உள்ளன. வகைக்கு ஒன்றாக எடுத்து இணைக்கும்போது, இணைப்பிடங்களில் சில டி.என்.ஏ. எழுத்துகள் உதிர்ந்தும் புதிதாகச் சேர்ந்தும் விடுவதால், தனித்தனியே பிறந்த இரு செல்களின் இணைப்பு ஒன்றுபோல் அமைவது மிக அரிது. ஒரு தகப்பனின் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே இனிஷியல் இருப்பதுபோல, ஒரு செல்லின் வாரிசுகள் அனைத்தும் அந்த இணைப்பையே சுமக்கின்றன.

ஆய்வகத்தில் மெழுகுக் கட்டியில் பதித்த திசுவைச் சில மைக்ரான் தடிமனில் சீவி, மெழுகைக் கரைத்து, டி.என்.ஏ.வைப் பிரித்து, இணைப்புப் பகுதியை பி.சி.ஆர். முறையில் பெருக்கி, நீளவாரியாகப் பிரிக்கிறார்கள். பல குலத்துச் செல்கள் கலந்திருந்தால் சிறுசிறு முகடுகள் சேர்ந்து மணி வடிவ மேடாக எழும். ஒரே குலம் பெருகியிருந்தால் ஒற்றை முகடு ஈட்டிபோல் நிற்கும்; புற்றைச் சந்தேகிக்க வைப்பது அதுதான். திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் டி.என்.ஏ.வைத் துண்டாக்கிவிடுவதால், 300 எழுத்துகளுக்கு மேற்பட்ட நீளத்தைத் தேடும் சோதனை தோற்கும் இடத்தில், 100 முதல் 170 எழுத்துகள் வரையிலான சோதனை பலமுறை கைகொடுக்கிறது.

காசில்மேன் நோயில் பெரும்பாலும் தென்படுவது மேடுதான். மனித ஹெர்பிஸ் வைரஸ் 8 உண்டாக்கும் வகையில் நிலைமை இன்னும் வியப்பானது. அந்த வைரஸ் குடியேறிய பிளாஸ்மா முன்னோடிச் செல்கள் எல்லாம், எதிர்ப்பொருளில் இருக்கும் இருவகைச் சிறு சங்கிலிகளில் லாம்ப்டா சங்கிலியையே உருவாக்குகின்றன, கப்பா சங்கிலி தென்படுவதில்லை. பல குலங்கள் கலந்த கூட்டத்தில் வழக்கமாக இரண்டுமே தென்படும். சாயமேற்றிப் பார்ப்பவர் ஒரே குலம், ஆகவே புற்று என்று முடிவு கட்டிவிடலாம். ஆனால் மரபணுவைப் படித்தபோது அவை பல தாய்களுக்குப் பிறந்தவை என்று தெரிந்தது. புரதச் சாயத்தை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை என்றே கருதுகிறேன்.

ஒரே கணுவில் ஒதுங்கி நிற்கும் வகையில், நோயாளிகள் சிலரின் திசுவில் பி.டி.ஜி.எஃப்.ஆர்.பி. என்னும் மரபணுவில் பிறழ்வு இருப்பதாக 2019இல் ஓர் ஆய்வு வெளியானது. செல்களைப் பிரித்துச் சோதித்தபோது, அந்தப் பிறழ்வு இருந்தது நோயெதிர்ப்புச் செல்களில் அல்ல. அவற்றைத் தாங்கி நிற்கும் கட்டமைப்புச் செல்களில். கூட்டமாகத் தெரிந்த பி செல்கள், அங்கே, அழைப்புக்கு வந்தவையாகவே இருக்க வேண்டும்.

வகை எது என்பதைப் பொறுத்தே சிகிச்சையும் மாறுகிறது. ஒற்றைக் கணு என்றால், இயன்றவரை அறுவை சிகிச்சையால் அகற்றுவதே வழி. பல கணுக்களில் வைரஸோடு வந்தால் பி செல்களை அழிக்கும் ரிட்டுக்ஸிமாப் மருந்து தரப்படுகிறது. வைரஸ் இல்லாமல், காரணமும் தெரியாமல் வந்தால், இன்டர்லூக்கின் 6 என்னும் புரதத்தைத் தடுக்கும் சில்டுக்ஸிமாப், 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து, முதலில் பரிந்துரைக்கப்படுகிறது. ஆகவே அறிக்கையில் இந்நோயின் பெயரைக் கண்டவர்கள், வைரஸ் 8க்கான சாயச் சோதனை செய்யப்பட்டதா என்று மருத்துவரிடம் கேட்பதும், இரண்டாம் கருத்துக்குச் செல்லும்போது மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கிச் செல்வதும் அவசியம்.