எலியிலிருந்து ஒரு ஜீனை எடுத்துவிட்டால்

வெள்ளவத்தையில் நான் எடுக்கும் உயர்தர உயிரியல் வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "சேர், ஒரு ஜீன் என்ன வேலை செய்யுது எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?" காலி வீதியில் அந்நேரம் 100ஆம் இலக்க பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. "அந்த பஸ்ஸை ஒரு நாள் நிப்பாட்டிப் பாருங்கோ. ஆர் ஆர் வேலைக்குப் பிந்திப் போகினமோ, அவையை ஏத்திப்போற பஸ் அது" என்றேன்.

நொக்அவுட் எலியும் இதே யோசனைதான். ஒரு ஜீனை மட்டும் முடக்கிவிட்டு, முளையம் எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று பார்ப்பார்கள்.

முடக்குவது லேசான வேலை இல்லை. எலியின் ஆரம்ப முளையத்திலிருந்து எடுத்த ஸ்டெம் கலங்களை (உடலின் எந்தக் கலமாகவும் மாறக்கூடியவை) ஆய்வுகூடத் தட்டில் வளர்க்கலாம் என்று 1981இல் மார்ட்டின் எவன்ஸும் மத்தியூ கோஃப்மனும் காட்டினார்கள். கலத்துக்குள் செலுத்தும் டிஎன்ஏ துண்டு சிலவேளை தன்னைப் போன்ற வரிசையுள்ள இடத்தைத் தேடிப்போய் அங்கே மாறி உட்காரும் என்பதை மாரியோ கப்பெக்கியும் ஒலிவர் ஸ்மிதீஸும் தனித்தனியாகக் காட்டினார்கள். ஆகவே ஜீனின் பழுதான பிரதி ஒன்றைச் செய்து, அதன் நடுவில் மருந்தைத் தாங்கும் ஒரு ஜீனைச் செருகி அனுப்புகிறார்கள். அப்புறம் அந்த மருந்தை ஊற்றினால், துண்டை வாங்காத கலங்கள் செத்துவிடும்.

ஆனால் வாங்கியவற்றில் பெரும்பாலானவை துண்டைத் தவறான இடத்தில் வைத்திருக்கும். இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த தந்திரம் வருகிறது. துண்டின் நுனியில் ஹேர்பீஸ் வைரஸின் ஜீன் ஒன்றை வால்போல ஒட்டிவிடுகிறார்கள். சரியான இடத்தில் உட்கார்ந்தால் வால் கழன்றுவிடும். கண்ட இடத்தில் உட்கார்ந்தால் வாலும் கூடவே ஒட்டிக்கொள்ளும். அடுத்து ஊற்றும் மருந்து, வால் உள்ள கலங்களைத்தான் கொல்லும்.

மிஞ்சிய கலங்களைக் கறுப்பு எலியின் முளையத்துக்குள் ஊசியால் செலுத்தி, வாடகைத்தாயின் கருப்பையில் வைப்பார்கள். கலங்கள் வந்தது மண்ணிற எலி இனத்திலிருந்து என்பதால், பிறக்கும் குட்டி பத்திக் துணிபோலக் கறுப்பும் மண்ணிறமும் கலந்திருக்கும். அதைக் கறுப்பு எலியுடன் இணைத்து, முழு மண்ணிறக் குட்டி பிறந்தால் வெற்றி: அது நாம் செலுத்திய கலத்தின் வழி வந்த குட்டி. அப்படிப் பிறக்கும் குட்டிகளில் பாதிப்பேர், பழுதான பிரதியைச் சுமப்பார்கள். சுமக்கும் இரண்டை இணைத்தால், நான்கில் ஒன்றுக்கு அந்த ஜீன் அறவே இருக்காது. இப்படியான எலிகள் முதன்முதலில் 1989இல் வந்தன. எவன்ஸ், கப்பெக்கி, ஸ்மிதீஸ் மூவருக்கும் 2007இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த நான்கில் ஒரு பங்கு பிறக்கவே இல்லை என்றால், கருப்பையிலேயே ஏதோ நடந்திருக்கிறது. எலியின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 20 நாள். நாள் நாளாகப் பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும். லிம்1 என்ற ஜீன் இல்லாதவற்றை 1995இல் அப்படிப் பார்த்தபோது, தலையின் முன்பகுதியே உருவாகாத முளையங்கள் இருந்தன.

எல்லா ஜீனும் இவ்வளவு நேராகப் பதில் சொல்லாது. பாணந்துறையிலிருந்து வரும் 100ஐ நிறுத்தினால் வெள்ளவத்தை ஆட்கள் மொரட்டுவையிலிருந்து வரும் 101இல் ஏறிவிடுவார்கள், பாணந்துறைப் பக்கத்து ஆட்களுக்குத்தான் சிரமம். உடலின் எந்தப் பகுதி எப்படி வளரவேண்டும் என்று சொல்பவை ஹொக்ஸ் ஜீன்கள். அவற்றில் ஹொக்ஸ் 10 ஜீன்கள் மூன்றும் இப்படித்தான், ஒன்று இல்லாவிட்டால் மற்றவை அதன் வேலையைப் பெரும்பாலும் பார்த்துவிடும். ஒன்றை மட்டும் எடுத்தால் முள்ளந்தண்டில் சிறு மாற்றம்தான். மூன்றையும் சேர்த்து எடுத்தபோது, விலா எலும்பே இருக்கக்கூடாத இடுப்பு முள்ளெலும்புகளில் விலா முளைத்தது. 2003இல் வந்த முடிவு இது. அதாவது இந்த ஜீன்களின் வேலை, 'இங்கே விலா வேண்டாம்' என்று தடுப்பது.

சில பதில்கள் ஆளை ஏமாற்றியும் விடும். விழித்திரைப் புற்றுநோயோடு தொடர்புள்ள ஆர்பி ஜீனை 1992இல் முடக்கியபோது முளையங்கள் பாதிவழியில் இறந்தன. இரத்தத்திலும் நரம்பிலும் கோளாறு தெரிந்ததால், அங்கேதான் ஆர்பிக்கு முக்கிய வேலை என்று நினைத்தார்கள். வீட்டில் வெளிச்சம் இல்லையென்று பல்பைக் கழற்றிப் பார்க்கிறோம், பழுதோ சந்தியிலுள்ள ட்ரான்ஸ்போமரில். இங்கே ட்ரான்ஸ்போமர், தாயிடமிருந்து முளையத்துக்கு உணவைக் கொடுக்கும் சூல்வித்தகம். ஆர்பி இல்லாத முளையத்துக்கு ஆர்பி உள்ள சூல்வித்தகம் கிடைக்கும்படி 2003இல் செய்து பார்த்தார்கள். இரத்தமும் நரம்பும் பெரும்பாலும் சரியாக இருந்தன, குட்டிகளும் பிறந்தன. ஆனால் பிறந்த கையோடு இறந்துபோயின. இந்த முறை பழுது தசையில்.