இல்லாத ஒரு நிரலகமும் உடைந்துபோன ஊர்ப்பெயரும்

கடற்றொழிலாளர் சங்கம் ஒன்றுக்கு அங்கத்தவர் அட்டை அச்சிடும் மென்பொருளை எழுதிக் கொடுத்திருந்தேன். பெயர், படகு இலக்கம், படம், அட்டையின் தலையில் தடித்த எழுத்தில் திருகோணமலை. எட்டு மாதங்களாக ஒரு முறைப்பாடும் இல்லை. ஒரு திங்கட்கிழமை காலை சங்கச் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, ஊர்ப்பெயரே உடைந்து கிடக்கிறது. கொஞ்சம் வந்து பாரும்."

உட்துறைமுக வீதியில் நின்ற மான்களுக்கு வழிவிட்டுப் போய்ச் சேர்வதற்குள் நாற்பது அட்டைகள் அச்சாகிவிட்டன. ஒன்றைக் கையில் எடுத்தேன். 'தி' சரியாக இருந்தது. 'ரு'வில் உகரக் குறி ரகரத்தோடு சேராமல் தனியே நின்றது. 'கோ'வில் ககரத்துக்கு முன்னால் வரவேண்டிய இரட்டைக் கொம்பு பின்னால் போய்க் காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கடைசி 'லை'யில் லகரம் முந்தி, கொம்பு பிந்தி. செயலாளர் ஐயா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் செய்ததெல்லாம் "இது எழுத்துருவின் கோளாறாக இருக்கும்" என்று துணிந்து ஒரு பிழையான காரணத்தைச் சொன்னதுதான்.

எழுத்துருவில் கோளாறு இல்லை. யூனிகோடில் 'கோ' என்பது முதலில் ககரம், அடுத்து ஓகாரக் குறி என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது வரைந்துகாட்டும் நேரத்தில் நடக்கும் வேலை. ஃபயர்ஃபாக்ஸ், குரோம், லிப்ரே ஆஃபிஸ், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் அதைச் செய்வது ஹார்ஃபஸ் என்ற நிரலகம் (லைப்ரரி), அதாவது மற்ற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல். சி++ மொழியில் எழுதப்பட்டு, வெளியே சி முகத்தைக் காட்டும் நிரலகம் அது. என் நிரல் பைத்தனில் இருந்தது. படம் வரைய பில்லோ என்ற பொதியைப் பயன்படுத்தியிருந்தேன். பில்லோ ராக்ம் என்ற சிறு நிரலகத்தை அழைக்கும். ராக்ம், ஹார்ஃபஸையும் ஃப்ரிபிடியையும் அழைக்கும்.

வினை இந்தக் கடைசிப் பெயரில் இருந்தது. ஃப்ரிபிடி, அரபு, ஹீப்ரு போல வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்காக வரிசையைச் சரிசெய்து கொடுப்பது. கிண்ணியாவிலும் மூதூரிலும் அரபு எழுத்து அச்சிடுவோருக்கு அது கட்டாயம் வேண்டும். தமிழுக்கு அதனால் ஆகவேண்டிய காரியம் ஒன்றும் இல்லை. ஆனால் பில்லோவோடு வரும் ராக்ம் அது இல்லாமல் இயங்காது. பில்லோவின் 8.2.0 பதிப்பு முதல், முன்கூட்டியே தொகுக்கப்பட்ட வீல் பொதிகளுக்குள் ராக்மும் ஹார்ஃபஸும் கூடவே வருகின்றன. ஃப்ரிபிடி மட்டும் வருவதில்லை. கணினியில் இருந்தால் ஓடும் நேரத்தில் அதைத் தேடி ஏற்றிக்கொள்ளும். இல்லையென்றால் பில்லோ சாதாரண எழுத்தடுக்குக்குத் திரும்பிவிடும். அங்கே குறிகள் சேமிக்கப்பட்ட வரிசையிலேயே வரையப்படும். ஆங்கிலம் மட்டும் அச்சிடுகிறவர் வித்தியாசத்தை உணரமாட்டார். நமக்கோ ஊர்ப்பெயரே உடைகிறது.

அதற்கு முந்தைய வாரம் செயலாளரின் மருமகன், பழைய அலுவலகக் கணினியில் இருந்த மென்பொருளை வாடகைச் சேவையகம் ஒன்றில், மிகச் சிறிய டெபியன் லினக்ஸ் கொள்கலனுக்குள் (தேவையானதை மட்டும் வைத்து நிரலைத் தனியே ஓட்டும் சூழல்) மாற்றியிருந்தார். அலுவலகக் கணினியில் திரைச் சூழலுக்காகவே ஃப்ரிபிடி நிறுவப்பட்டிருந்தது. நான் அதைக் கேட்டு நிறுவவில்லை, இருந்ததும் எனக்குத் தெரியாது. கொள்கலனில் அது இல்லை. நிறுவும்போது பிழைச் செய்தி வரவில்லை, ஓடும்போதும் வரவில்லை. மருமகனில் பிழை இல்லை. பில்லோவைக் குறைசொல்லவும் இடமில்லை. அதன் ஆவணத்தில் இதெல்லாம் எழுதியே இருக்கிறது. வாசிக்காதவன் நான். ஒரே ஒரு பொதியை நிறுவியதும் அட்டை சரியாகிவிட்டது. காரணத்தைக் கண்டுபிடிக்க மட்டும் ஒன்றரை நாள் போனது.

சி நிரலகம் ஒன்றைப் பைத்தன், ரூபி, ரஸ்ட் போன்ற மொழிகளிலிருந்து அழைக்க உதவும் மேலுறையைப் பைண்டிங் என்கிறோம். எழுதுவது அவ்வளவு கடினமில்லை. அதைப் பொதியாக்கி அடுத்தவர் கணினியில் ஓடவைப்பதில்தான் தலைவலி. பைத்தன் பொதி ஒன்று தனக்கு என்னென்ன பைத்தன் பொதிகள் தேவை என்று எழுதி வைக்கலாம். 'ஃப்ரிபிடி வேண்டும்' என்று அதே இடத்தில் எழுத வழியில்லை, ஏனெனில் அது பைத்தன் பொதியே அல்ல. டெபியனின் பொதி மேலாளருக்கு அது தெரியும், கொண்டா என்ற பொதி மேலாளருக்கும் தெரியும், பைத்தன் பொதிகளை நிறுவும் பிப்புக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் நாற்பது அட்டைகள் போயின.

ஆகவே பொதியாக்குகிறவர் முதலில் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும்: சி நிரலகத்தைச் சுமப்பது யார், பொதியா, அது ஓடும் கணினியா? இதைச் சங்கத்தில் விளக்கியபோது ஐயாவே எனக்கு உவமை தந்தார். ஒருநாள் படகு ஐஸ் ஏற்றாமல் போகும். கரையில் கிடைக்கும் என்ற நம்பிக்கை. பலநாள் படகு ஐஸைச் சுமந்துகொண்டு போகும். ஆனால் அது கரைந்துகொண்டே இருக்கும், கரையில் எவ்வளவு புது ஐஸ் வந்தாலும் அந்தப் படகுக்கு உதவாது. என்னால் இதைவிடத் திருத்தமாகச் சொல்ல முடியாது.

கரைகிற ஐஸுக்கு நல்ல உதாரணம் 2023 செப்டெம்பர். வெப்பி (WebP) வகைப் படங்களை விரிக்கும் லிப்வெப்பி நிரலகத்தில் நினைவக எல்லை மீறும் ஓட்டை ஒன்று வெளியானது. அது ஏற்கெனவே தாக்குதலில் பயன்பட்டுக்கொண்டிருந்தது. குரோம் உடனே திருத்தப்பட்டது, லினக்ஸ் வழங்கல்களும் தங்கள் நிரலகப் பொதியைத் திருத்தின. சேவையகத்தை ஒழுங்காக மேம்படுத்தும் ஒருவர் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பார். ஆனால் பில்லோ வீலுக்குள் இருந்த லிப்வெப்பி வேறு பிரதி. இயங்குதளத்தின் மேம்படுத்தல் அதைத் தொடாது. பில்லோ சில நாட்களுக்குள் லிப்வெப்பி 1.3.2 உடன் 10.0.1 பதிப்பை வெளியிட்டது. அதை எடுத்துக்கொள்ளாமல் பழைய பில்லோ பதிப்போடு நின்றவர்களின் கணினியில் ஓட்டை அப்படியே இருந்தது. பொதிக்குள் நிரலகத்தை அடைத்து வெளியிடுகிறவர், அந்த நிரலகத்தின் பாதுகாப்பு அறிவிப்புகளைப் பின்தொடரும் வேலையையும் தலையில் ஏற்றிக்கொள்கிறார். அதற்கு நேரமில்லாதவர் அடைக்கக் கூடாது என்பது என் கட்சி.

அடைப்பதில் இன்னொரு இடறல், ஒரே நிரலகத்தின் இரண்டு பிரதிகள் ஒரே நிரலுக்குள் மோதிக்கொள்வது. போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்துக்கான சைகோபிஜி2 பொதியின் 2.7 வீல்கள் தமக்கென ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நிரலகத்தின் பிரதியைக் கொண்டுவந்தன. அது பைத்தன் ஏற்கெனவே ஏற்றிவைத்த பிரதியோடு முட்டி, நிரல் சொல்லாமல் கொள்ளாமல் விழுந்தது. 2.8 முதல் அந்த வீல்கள் தனிப் பெயரில் பிரிக்கப்பட்டன. உற்பத்திச் சூழலில் மூலத்திலிருந்து தொகுத்தே பயன்படுத்துங்கள் என்று அதன் ஆவணம் இன்றும் சொல்கிறது. அப்படித் தொகுக்கப் போனால் மூல நிரலை இயங்கும் நிரலாக மாற்றும் கம்பைலர் வேண்டும், நிரலகத்தின் செயற்கூறுகளை அதற்கு அறிவிக்கும் தலைப்புக் கோப்புகள் வேண்டும். கைத்தொலைபேசி டேட்டாவில் இணையம் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் அத்தனையையும் இறக்கிப் பாருங்கள், அடைத்துக் கொடுப்பவர்கள் மேல் எனக்கு ஏன் முழுக்கோபம் வருவதில்லை என்று புரியும்.

நம் ஊரில் அடிக்கடி கடிக்கும் மற்றொன்று ஜிலிப்சி. லினக்ஸில் ஏறத்தாழ எல்லா நிரலும் சாய்ந்து நிற்கும் அடிப்படைச் சி நிரலகம் அது. பழைய ஜிலிப்சியில் தொகுத்தது புதியதில் ஓடும். புதியதில் தொகுத்தது பழையதில் ஓடாமல் போகலாம். உங்கள் மடிக்கணினியில் உபுண்டு 22.04, அதில் ஜிலிப்சி 2.35. அலுவலகத்தில் இன்னும் 20.04, அதில் 2.31. பொதியைப் பிரதி எடுத்துக்கொண்டு போனால், கேட்ட பதிப்பு இல்லை என்று முதல் வரியிலேயே நின்றுவிடும். பைத்தன்காரர்கள் இதற்காக வேண்டுமென்றே பழைய தளத்தில் தொகுக்கிறார்கள்: மெனிலினக்ஸ்2014 என்ற வீல் தரத்தின் அடித்தளம் சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸ், அதில் ஜிலிப்சி 2.17. ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸின் கொள்கலனில் ஜிலிப்சியே இல்லை, அதற்குப் பதில் மஸ்ல் என்ற வேறு சி நிரலகம்; அதற்குத் தனி வீல் வேண்டும். இவற்றைக் கையால் செய்யத் தேவையில்லை. சிபில்ட்வீல் என்ற கருவி தொகுத்துத் தரும். ஆடிட்வீல் என்ற கருவி தேவையான சி நிரலகங்களை உள்ளே எடுத்து, பெயரை மாற்றி, மோதல் வராமல் வைக்கும். ஆனால் ஓடும் நேரத்தில் பெயர் சொல்லித் தேடி ஏற்றப்படும் நிரலகம் ஆடிட்வீலின் கண்ணில் படாது. ஃப்ரிபிடி போன்றவை அந்த வகை.

பைண்டிங் எழுதும் தம்பி, தங்கைமாரிடம் நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. நிரலகம் கிடைக்கவில்லை என்றால் எந்த நிரலகம், டெபியனில் அதன் பெயர் என்ன என்று பிழைச் செய்தியிலேயே எழுதுங்கள். தலைப்புக் கோப்பு இல்லை என்று கம்பைலர் நூறு வரி கக்குவதைப் பார்த்துப் பயந்து எத்தனையோ பேர் கைவிட்டுவிடுகிறார்கள். உள்ளே அடைத்த நிரலகத்தின் பதிப்பைக் கேட்டால் சொல்லும் ஒரு செயற்கூறை வையுங்கள். உரிமப் பத்திரங்களையும் சேர்த்து அனுப்புங்கள். எல்ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வரும் நிரலகத்தை அடைத்துவிட்டு உரிமத்தை மறப்பது சாதாரணமாக நடக்கிறது. சத்தமில்லாமல் தரம் குறைந்த வழிக்கு மாறுவதை மட்டும் செய்யாதீர்கள். மாறித்தான் ஆகவேண்டுமென்றால் ஒரு வரி எச்சரிக்கையாவது எழுதிவிடுங்கள்.

பயன்படுத்துகிறவர்களுக்கு: பில்லோ தன்னிடம் என்னென்ன அம்சங்கள் இருக்கின்றன என்று அறிக்கை தரும். அதில் ராக்ம் என்ற வரியைப் பாருங்கள். என் மென்பொருள் இப்போது தொடங்கும்போதே அதைக் கேட்கிறது. இல்லை என்ற பதில் வந்தால், எந்தப் பொதியை நிறுவ வேண்டும் என்று தமிழில் சொல்லிவிட்டு நின்றுவிடும். ஓர் அட்டையும் அச்சாகாது. புதிய பதிப்பு வெளியிடும் முன், கம்பைலரும் திரைச் சூழலும் இல்லாத வெறும் கொள்கலனுக்குள் அதை நிறுவி ஒரே ஒரு சொல்லை வரைய வைக்கிறேன். சரியாக வரையப்பட்ட பழைய படத்தோடு புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட்டு, பிசகினால் வெளியீடு நின்றுவிடும்படி வைத்திருக்கிறேன். அந்தச் சொல்லைத் தேடி அலையவில்லை. ரு, கோ, லை மூன்றும் உள்ள சொல் ஏற்கெனவே அட்டையின் தலையில் இருந்தது.