லூப்பில் தெரியாத பழுது

டிஜிட்டல் தொலைத்தொடர்பு இணைப்புகளைப் பராமரிப்பவன் என்ற முறையில், "லூப் போட்டுப் பார்த்துவிட்டோம், லைன் சரியாக இருக்கிறது" என்ற பதிலோடு யாரும் நின்றுவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். லூப் என்பது, இணைப்பின் ஒரு முனையில் அனுப்பும் வழியையும் பெறும் வழியையும் சேர்த்துவிட்டு, அனுப்பிய சிக்னல் பிழையின்றித் திரும்பி வருகிறதா என்று பார்ப்பது.

ராயபுரத்தில் துறைமுகச் சரக்குகளைக் கையாளும் ஓர் அலுவலகத்தில், ஒரே லைனில் 30 பேச்சுத் தடங்களைத் தரும் பிஆர்ஐ என்ற டிஜிட்டல் தொலைபேசி இணைப்பில் பேச்சுக்கிடையே அவ்வப்போது 'டிக்' என்ற ஓசை கேட்டது. நீளமான ஃபேக்ஸ்கள் பாதியில் அறுந்தன. மூன்று முறை லூப் சோதனை நடந்தது, மூன்று முறையும் பிழை பூஜ்யம். அந்த முடிவு பொய்யன்று. லூப்பில் நம் சோதனை மீட்டர் அனுப்பும் பிட்டுகள், அவற்றுக்குத் தாளம் தரும் அதே மீட்டரின் உள்கடிகார வேகத்திலேயே திரும்பி வருவதால், கேபிள் நன்றாக இருப்பது தெரியுமே தவிர, இரு முனைக் கருவிகளின் கடிகாரங்கள் ஒத்துப்போகின்றனவா என்பது தெரியாது. 2.048 எம்பிபிஎஸ் (நொடிக்கு 20.48 லட்சம் பிட்டுகள்) இணைப்பில் ஒரு ஃபிரேம், அதாவது ஒரு தொகுப்பு, 256 பிட்டுகள்; அது கடக்க 125 மைக்ரோ நொடி. கடிகாரங்கள் பத்து லட்சத்தில் ஒரு பங்கு விலகினாலே 125 நொடிக்கு ஒருமுறை ஒரு ஃபிரேம் விடுபடும் அல்லது இருமுறை படிக்கப்படும். ஸ்லிப் என்பது இதுதான்.

அங்கிருந்த இபிஏபிஎக்ஸில் (அலுவலகத்தின் உள் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில்) ஸ்லிப் எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டு நிமிடத்துக்கு ஒன்றாக ஏறியது. அதன் அட்டையிலிருந்த பேட்டரி வலுவிழந்திருந்ததால், மின்தடைக்குப் பின் அமைப்புகள் அழிந்து, கடிகாரம் 'இன்டர்னல்', அதாவது கருவியின் சொந்தக் கடிகாரம், என்று மாறியிருந்தது. அதை லைனிலிருந்து எடுக்கும்படி மாற்றியபின் எண்ணிக்கை அசையவில்லை.

சோதனையின் நேரமும் முக்கியம். நூறு கோடி பிட்டுக்கு ஒரு பிழைக்கும் குறைவு என்று 95 விழுக்காடு உறுதியோடு சொல்ல, பிழையே இல்லாமல் சுமார் 300 கோடி பிட்டுகள் கடக்க வேண்டும். இந்த வேகத்தில் அதற்கே 24 நிமிடங்களுக்கு மேல் ஆகும். விட்டுவிட்டு வரும் பழுதுக்கு ஒரு முழு நாள் வேண்டும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை உப்புக்காற்றில் கனெக்டர்கள் பச்சை பூப்பதை நான் அடிக்கடி பார்ப்பதால், மொத்தப் பிழை வீதத்தைவிடப் பிழை விழுந்த நொடிகளின் பட்டியலையே நம்புகிறேன்: ஒரே நொடியில் ஆயிரம் பிழைகள் என்றால் தளர்ந்த இணைப்பை முதலில் பார்ப்பேன், ஆயிரம் நொடிகளில் ஒவ்வொன்றாக விழுந்தால் வலுவிழந்த சிக்னலையோ இரைச்சலையோ தேடுவேன்.

ஆகவே வாடிக்கையாளர்களே, சோதனை அறிக்கையில் சோதனை தொடங்கிய, முடிந்த நேரம், லூப் போட்ட இடம், பிழை விழுந்த நொடிகள், ஸ்லிப் எண்ணிக்கை ஆகிய நான்கையும் எழுதித் தரும்படி கேளுங்கள். ராயபுரம் அலுவலகத்தில் பேட்டரியை மாற்றி, சரியான கடிகார அமைப்பை ஒரு தாளில் எழுதி, இபிஏபிஎக்ஸ் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டு வந்தேன்.