ஆவணத் தளம் உங்கள் கணினியில் ஓடும்போது உள்ளே நடப்பது

ஒரு திறந்த மூல மென்பொருளின் வழிகாட்டிப் பக்கத்தில் பிழை கண்ணில் படுகிறது. எழுத்துப்பிழை என்றால் 'இந்தப் பக்கத்தைத் திருத்து' இணைப்பை அழுத்தி, பிரவுசரிலேயே சரிசெய்து அனுப்பிவிடலாம். ஒரு பகுதியையே புதிதாக எழுதப்போகிறீர்கள் என்றால், அந்த ஆவணத் தளம் முழுவதையும் உங்கள் கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான் நல்லது.

இத்தகைய தளங்கள் பலவற்றுக்கு டேட்டாபேஸ் கிடையாது. இருப்பதெல்லாம் ஒரு ஃபோல்டர் நிறைய மார்க்டவுன் கோப்புகள். ஜான் குரூபர் 2004இல் வெளியிட்ட எளிய எழுத்துமுறை அது: வரியின் தொடக்கத்தில் # போட்டால் தலைப்பு, இருபுறமும் ** போட்டால் தடித்த எழுத்து. ஜெக்கில், ஹியூகோ, எம்கேடாக்ஸ் போன்ற நிரல்கள் இவற்றைப் படித்து, மெனுவும் வார்ப்புருவும் சேர்த்து எச்டிஎம்எல் பக்கங்களாக்கும்.

திட்டத்தின் கோப்புகள் இருக்கும் ரெப்போவை ஃபோர்க் செய்து (உங்கள் கணக்கில் ஒரு நகல்) குளோன் எடுப்பதில் (அதை உங்கள் கணினிக்கு இறக்குவதில்) சிக்கல் ஏதும் இல்லை. பலர் கைவிடுவது அடுத்த படியில், அதாவது சார்பு நிரல்களை, தளத்தைக் கட்டத் தேவைப்படும் பிற நிரல்களை, நிறுவும்போது. கைக்குக் கிடைத்த புதிய பதிப்பைப் போடாமல், திட்டத்தின் பட்டியலில் உள்ள பதிப்பையே போடுங்கள். பதிப்பு மாறினால் மெனுவே வேறு மாதிரி வரலாம். அப்புறம் அது உங்கள் திருத்தத்தால் வந்ததா, கருவியால் வந்ததா என்று தெரியாது.

அந்த நிரலோடு வரும் லோக்கல் சர்வர்தான் பக்கங்களை உங்கள் பிரவுசருக்குத் தரும். அதைத் தொடங்கியதும் டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் சாளரத்தில், 127.0.0.1:8000 என்பதுபோல ஒரு முகவரி வரும். 127இல் தொடங்கும் முகவரிகள் அத்தனையும் கணினி தன்னோடு தானே பேசுவதற்காக ஒதுக்கப்பட்டவை. அங்கே போகும் தரவு வெளி நெட்வொர்க்கைத் தொடுவதே இல்லை, ஆகவே இணையத்தைத் துண்டித்தாலும் தளம் ஓடும். 8000 என்பது போர்ட் எண், ஒரே கணினியில் ஓடும் நிரல்களைப் பிரித்தறிய உதவும் எண். இது எம்கேடாக்ஸின் வழக்கம். ஜெக்கிலுக்கு 4000, ஹியூகோவுக்கு 1313. 'போர்ட் பயன்பாட்டில் உள்ளது' என்று பிழை வந்தால், பெரும்பாலும் இன்னொரு டெர்மினலில் பழைய சர்வர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். கோப்பைச் சேமித்த மறுகணமே பிரவுசரில் பக்கம் தானாக மாறுகிறதே, எப்படி? லினக்ஸில் ஐநோட்டிஃபை என்ற வசதி இருக்கிறது. 'இந்த ஃபோல்டரில் ஏதாவது மாறினால் சொல்' என்று நிரல் அதனிடம் பதிந்துவைக்கலாம். தகவல் வந்ததும் பக்கம் மறுபடி உருவாகிறது. இதற்கிடையில், லோக்கல் சர்வர் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சின்ன ஜாவாஸ்கிரிப்ட் துண்டைச் செருகியிருக்கும். அது சர்வருடன் தொடர்பைத் திறந்தே வைத்திருந்து, சேதி வந்ததும் பக்கத்தைப் புதுப்பிக்கும். பொதுத் தளத்துக்குப் போகும் பக்கங்களில் இந்தத் துண்டு இருக்காது.

இப்படி உங்கள் திரையில் தெரிவதும் பொதுத் தளமும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த 'ஏறக்குறைய'வில்தான் வம்பு. ஒரு படத்தின் கோப்புப் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்குகிறது, நீங்கள் இணைப்பில் சிறிய எழுத்தைப் போட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். விண்டோஸும் மேக்கும் வழக்கமாக இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், அதனால் படம் அழகாகத் தெரியும். லினக்ஸ் சர்வருக்கோ அவை இரண்டு வேறு கோப்புகள். அங்கே போனதும் 404, 'கோப்பு இல்லை' என்ற பிழை.

பாதையும் இப்படித்தான். லோக்கலில் தளம் முகவரியின் வேரிலேயே, அதாவது முதல் சாய்கோட்டிலேயே, ஓடலாம். கிட்ஹப் தரும் தள வெளியீட்டுச் சேவையான கிட்ஹப் பேஜஸில் ஒரு திட்டத்தின் தளம் பொதுவாகத் திட்டத்தின் பெயர்கொண்ட உட்பாதையில் இருக்கும். சாய்கோட்டில் தொடங்கும் இணைப்பு அந்த உட்பாதையைத் தாண்டி வேருக்கே போய்விடும். அதனால் இருக்கும் பக்கத்திலிருந்து தொடங்கும் சார்புப் பாதையாக எழுதுவதே மேல்.

திருத்தத்தை ஏற்கக் கோரும் புல் ரிக்வெஸ்ட் அனுப்பியதும் பல திட்டங்களில் ஒரு சுத்தமான லினக்ஸ் சூழலில் தளம் முதலிலிருந்து கட்டப்படும். எம்கேடாக்ஸில் 'ஸ்ட்ரிக்ட்' விருப்பத்தைப் போட்டிருந்தால், நீங்கள் கண்டுகொள்ளாமல் விட்ட எச்சரிக்கைகூட அங்கே தோல்வியாகிவிடும். அதே விருப்பத்தோடு உங்கள் கணினியிலும் ஒருமுறை கட்டிப் பார்த்துவிட்டால் இந்த அலைச்சல் மிச்சம்.

திருத்தத்தை ஏற்று இணைத்த பிறகும் பழைய பக்கமே தெரிகிறதா? தளம் மறுபடி கட்டப்படச் சற்று நேரம் ஆகும், இடையில் கேஷும், அதாவது சேமித்து வைத்த பழைய நகலும், இருக்கலாம். கொஞ்சம் பொறுத்து, கேஷைத் தவிர்த்துப் பக்கத்தை ரீலோட் செய்யுங்கள்.